பெருந்தொற்றும் நர்சிங் மாணவர்களின் மன அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 தொடங்கி இன்றுவரை நர்சிங் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் சக டியூட்டர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. நான் பாடம் நடத்துபவள், மனநல மருத்துவர் இல்லை. சிகிச்சை தேவைப்படும் இடங்களில், யாரிடம் போக வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொரோனாதான் முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு மறுபடியும் இதையே பேசணும்?

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசர நிலையை விலக்கிக்கொண்டது. சரி. ஆனால் 2018, 2019, 2020 ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் இன்று ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறார்கள். சிலருக்கு ஐசியூ போஸ்டிங் என்றாலே இன்னும் வயிற்றைப் பிசைகிறது. சிலர் வேலையையே விட்டுவிட்டார்கள். கேள்விகள் நின்றபாடில்லை.

அப்புறம், இன்னொரு தொற்று வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. பக்கத்தில் கோழிக்கோட்டிலேயே நிபா வைரஸ் 2018, 2021, 2023 என்று திரும்பத் திரும்ப வந்தது. எது வந்தாலும் வார்டில் மாணவர்கள் இருக்கத்தான் போகிறார்கள்.

ஸ்ட்ரெஸ்னா டென்ஷன்தானே மேம்? அது எல்லா ஸ்டூடன்ட்ஸுக்கும் இருக்கிறதுதானே?

பரீட்சை டென்ஷனுக்கு ஒரு தேதி உண்டு. அது கழிந்தால் இறங்கிவிடும். 2020, 2021-இல் மாணவர்களை அரித்தது தேதியே இல்லாத டென்ஷன். பரீட்சை எப்போது, ஹாஸ்டல் எப்போது திறக்கும், போஸ்டிங் எந்த வார்டில், அந்த வருடம் கணக்கில் சேருமா என்று எதற்குமே பதில் கிடைக்கவில்லை. உடம்பு இத்தனை நாள் தொடர்ந்து விறைப்பாகவே இருந்தால் தூக்கம் கெடும், பசி மாறும், மாதவிலக்கு தள்ளிப்போகும், சின்னச் சொல்லுக்கும் எரிச்சல் வரும், படித்தது நிற்காது. "எனக்கு மூளை மழுங்கிப் போச்சு" என்று வந்து நின்ற பல பேருக்கு இதுதான் நடந்திருந்தது.

நர்சிங் மாணவர்களின் அழுத்தம் கொரோனாவோடு பிறந்ததும் இல்லை. லண்டன் மருத்துவமனை ஒன்றின் பயிற்சி நர்சுகளை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் 1960-இல் எழுதிய கட்டுரையில், மூன்றில் ஒரு பங்கு பேர் பயிற்சியைப் பாதியில் விட்டதைக் குறிப்பிட்டார். நோயாளியின் வேதனை ஒரு பக்கம் இருக்க, வேலையை ஒழுங்குபடுத்தியிருந்த விதமே அவர்களின் பதற்றத்தைக் கூட்டியது என்பது அவருடைய முடிவு. பெருந்தொற்றுக்கும் இது பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன். வைரஸ் தந்த பயத்தைவிட, யாரும் தெளிவாக எதையும் சொல்லாததால் வந்த பயம் எங்கள் மாணவர்களிடம் அதிகமாக இருந்தது.

லாக்டவுன் எல்லா காலேஜ் பசங்களுக்கும்தான். நர்சிங் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன தனியா?

இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து செமஸ்டரை ஓட்டிவிடலாம். ரத்தக்குழாயில் கேனுலா போடுவதையும் படுக்கைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வதையும் போன் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதிலும் தம்பிக்கு அதே நேரத்தில் வகுப்பு, டவர் கிடைக்க மொட்டை மாடி என்று அனாட்டமி படித்தவர்கள் நிறைய. ஊரடங்கு தளர்ந்து திரும்பி வந்தபோது நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. மற்ற மாணவர்களை "வெளியே வராதே" என்று சொன்ன அதே சமயத்தில் இவர்களை "வா" என்று கூப்பிட்டார்கள்.

வார்டிலும் இரண்டுங்கெட்டான் நிலைதான். காலையில் "நீ ஸ்டூடன்ட், தொடாதே". பத்து மணிக்கு ஆள் பற்றாது என்றால் "நர்ஸ்தானே, வா, இந்த பெட்டைப் பார்". சம்பளம் என்றால் மாணவி, வேலை என்றால் நர்ஸ். என்னிடம் வந்த புலம்பல்களில் பாதிக்குமேல் இந்த ஒன்றைச் சுற்றியே இருந்தன.

வீட்ல "படிச்சது போதும், வந்துடு"ன்னு அழறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல.

அவர்கள் அழுவதில் நியாயம் இருக்கிறது. 2018 நிபாவின்போது பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி அதே நோயில் இறந்தார். அந்தச் செய்தி நம் ஊர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்ததுதான். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று பொதுவாகச் சொன்னால் பயம் குறையாது. எந்த வார்டு, என்ன மாஸ்க், எத்தனை மணி நேரம், சாப்பாடு எங்கே, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். டியூட்டி முடிந்து எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று நேரம் குறித்து, அந்த நேரத்தில் கட்டாயம் பேசுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று: தினமும் போனில் நீங்கள் அழுதால் பிள்ளை தன் கஷ்டத்தை மறைக்கப் பழகிவிடும். மறைக்கத் தொடங்கிவிட்டால் உங்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும்.

படிக்கிற பிள்ளைங்களை கோவிட் வார்டுல போடலாமா? முடியாதுன்னு சொல்லலாமா?

2021 மே 3 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த பி.எஸ்சி., ஜி.என்.எம். மாணவர்களை மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில் கோவிட் பணியில் அமர்த்தலாம் என்றது. தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், சுகாதாரப் பணியாளர் காப்பீடு உண்டு, 100 நாள் முடித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனங்களில் முன்னுரிமை என்றும் சொன்னது. இறுதியாண்டு முடிக்கும் நிலையில் இருந்தவர்களுக்கான ஏற்பாடு அது. இரண்டாம் ஆண்டு மாணவியைத் தனியாக நைட் டியூட்டியில் விட அதைக் காட்ட முடியாது.

காப்பீடு பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருந்தது. அந்தக் காப்பீட்டின் 50 லட்சம் ரூபாய் பணியின்போது உயிரிழந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பதாக இருந்தது. சிகிச்சைச் செலவுக்கானது இல்லை. அதனால் அடுத்த முறை இப்படி ஓர் அழைப்பு வந்தால், சரி என்பதற்கு முன்னால் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள்: உத்தரவு யார் பெயரில், மேற்பார்வை யார், பயிற்சி எப்போது, நோய் வந்தால் செலவு யாருடையது, தனிமைக்கு எந்த இடம். ஆஸ்துமா, கர்ப்பம், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என்று ஏதாவது இருந்தால் அதையும் கடிதமாகவே கொடுங்கள். வெறுமனே "முடியாது" என்று சொன்னால் அதை அடங்காத பிள்ளை என்று எடுத்துக்கொள்வார்கள். கேள்விகளோடு ஒரு கடிதம் போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

பிபிஇ போட்டதுமே நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது. இது கொரோனாவா, பயமா?

முதலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் போடுங்கள். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைத் தப்பாகக் காட்டும். ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே வந்தால் யோசிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 97, 98 என்று இருந்து, படபடப்பு திடீரென்று ஏறி, பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்குகிறது என்றால் பயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காய்ச்சலோ இருமலோ கூட இருந்தால் இந்தக் கணக்கைப் போடாமல் பரிசோதனைக்குப் போங்கள்.

மே மாத வெயிலில் பிபிஇ உடைக்குள் யாருக்கும் முட்டத்தான் செய்யும். வார்டில் முதல்முறை போடாமல், ஸ்கில் லேபில் பத்து நிமிடம், அரை மணி என்று போட்டுப் பழகினவர்கள் நன்றாகச் சமாளித்தார்கள். உள்ளே போவதற்கு முன் மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். விடுவது நீளமாக இருக்க வேண்டும். கழற்றும்போதுதான் தொற்று ஏறும் அபாயம் அதிகம், களைத்திருக்கும் கை அவசரப்படும். ஒருத்தி கழற்றுவதை இன்னொருத்தி பார்த்துக்கொண்டு நிற்பது நல்லது.

மாதவிலக்கு நாட்களில் ஆறு மணி நேரம் பாத்ரூம் போகாமல் நிற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. இது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, ஷிஃப்ட் போடும்போது கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம். இன்-சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லத் தயங்கினால் டியூட்டர் வழியாகச் சொல்லுங்கள்.

தூக்கம் வர்றதே இல்ல. தூக்க மாத்திரை போடலாமா?

ஸ்டோரில் கிடைக்கிறது என்பதற்காக நீங்களாகப் போடாதீர்கள். நர்சிங் படிப்பவர்களுக்கு இந்த ஆசை வருவது எனக்குத் தெரியும். நைட் டியூட்டி முடிந்து வந்தால் அறையை இருட்டாக்கி உடனே படுங்கள், பிற்பகலுக்குப் பிறகு காபி வேண்டாம், படுக்கையில் போனில் சாவுக் கணக்குப் பார்க்க வேண்டாம். இரண்டு வாரம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

நான் பார்த்துக்கிட்ட பேஷன்ட் கண்ணு முன்னாடியே போயிட்டார். ரெண்டு மாசமாச்சு, இன்னும் அந்த மானிட்டர் சத்தம் கேட்குது.

முதல் மரணத்தைப் பார்த்த எந்த நர்ஸுக்கும் அது மறப்பதில்லை. கொரோனாவில் கூடுதல் கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் குடும்பம் பக்கத்தில் இல்லை. மகளிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை அந்த மனிதர் இருபது வயது மாணவியிடம் சொல்லிவிட்டுப் போனார். உடலைப் பொதிந்து கட்டியவளும் அவளே. வீட்டார் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அத்தனையும் மனதில் கிடந்து புரளாமல் எங்கே போகும்?

முதல் சில வாரங்கள் கனவு வருவதும், திடுக்கிடுவதும், அழுகை முட்டுவதும் இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலாகியும் அந்தக் காட்சி அப்படியே திரும்பி வருகிறது, அந்த வார்டுப் பக்கம் போகவே முடியவில்லை, எதிலும் ஒட்டாமல் மரத்துப்போய் இருக்கிறீர்கள் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதனால் "போகப் போகச் சரியாகும்" என்று நான் சொல்ல மாட்டேன். போய்ப் பாருங்கள்.

டியூட்டர்களுக்கு ஒரு வார்த்தை. மரணம் நடந்த அன்றே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "என்ன உணர்ந்தாய், சொல்" என்று கட்டாயப்படுத்துவது நல்லதாகத் தோன்றும். ஆனால் அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்பதால் பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டுதல்களே அதை வேண்டாம் என்கின்றன. சாப்பிடவைத்து, வீட்டுக்குப் பேசவைத்து, மறுநாள் டியூட்டியை மாற்றிக் கொடுங்கள். அவள் பேச வந்தால் கேளுங்கள். "நர்ஸ் அழக்கூடாது" என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ரூல்படி செய்யணும்னு தெரியும், செய்ய விடல. அந்தக் குற்ற உணர்ச்சி என்னைத் தின்னுது.

எது சரி என்று தெரிந்தும் சூழ்நிலையோ மேலிடமோ அதைச் செய்ய விடாதபோது வரும் வேதனையைத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் நர்சிங்கை வைத்தே விளக்கினார். அறநெறி வேதனை என்று இதைச் சொல்லலாம். புத்தகத்தில் ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். வார்டில் ஒருத்திக்கு ஒரு வரிசையே. ஒரே மாஸ்க்கை நாலு நாள் போடச் சொன்ன இடங்களும் இருந்தன.

இதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. தவறு உங்களிடம் இல்லாதபோது உங்களைச் சாந்தப்படுத்திப் பிரயோசனம் இல்லை. அன்று உங்கள் கையில் எது இருந்தது, எது இல்லை என்று பிரித்து எழுதிப் பாருங்கள். மருந்து நேரம் தவறியது, ஆள் பற்றாதது போன்றவற்றை நர்சஸ் நோட்டில் நேரத்தோடு பதியுங்கள், அன்றே டியூட்டரிடம் சொல்லுங்கள். மாணவி ஒருத்தி தனியாகச் சொன்னால் எடுபடாது. ஒரு பேட்ச் சேர்ந்து மரியாதையாகச் சொன்னபோது மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

எங்க பேட்சை "ஆன்லைன் நர்ஸ்"னு கிண்டல் பண்றாங்க. நிஜமாவே எங்களுக்கு ஒண்ணும் தெரியாதோன்னு பயமா இருக்கு.

இந்தக் கிண்டலை ஆரம்பித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பயிற்சி இடத்தை மூடியது மாணவர்கள் இல்லை. மிட்வைஃபரி கேஸ் புக்கில், அதாவது மகப்பேறு பயிற்சிப் பதிவேட்டில், 20 சுகப்பிரசவம் காட்ட வேண்டியிருந்தது. லேபர் வார்டுக்குள் மாணவர்களை விடாத மாதங்களில் அதை எங்கிருந்து கொண்டுவருவது? கையெழுத்து விழுந்துவிட்டது, கைப்பழக்கம் வரவில்லை. அந்த இடைவெளி உண்மைதான். அதை மறைத்ததால்தான் பயம் பெரிதானது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில் வரும் அதிர்ச்சியை மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்க நர்ஸ் 1974-இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். முழுதாகக் கிளினிக்கல் முடித்தவர்களுக்கே வருவது அது. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. ஒரு தாளில் மூன்று பகுதி போடுங்கள்: தனியாகச் செய்வேன், கூட ஒருவர் நின்றால் செய்வேன், பார்த்ததே இல்லை. சேர்ந்த முதல் வாரமே அதை இன்-சார்ஜிடம் காட்டுங்கள். "கதீட்டர் ரெண்டு தடவைதான் போட்டிருக்கேன் சிஸ்டர், நீங்க பக்கத்துல நிக்க முடியுமா?" என்று கேட்பவளை எந்த நல்ல சிஸ்டரும் மட்டமாக நினைக்க மாட்டார். தெரிந்த மாதிரி நடிப்பவளைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம்.

நெட்ல ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எடுத்தேன், 16 வந்துச்சு. எனக்கு மனநோயா?

எந்த டெஸ்ட் என்று பாருங்கள். பிஎஸ்எஸ்-10 என்பது போன ஒரு மாதத்தில் எவ்வளவு நெருக்கடியாக உணர்ந்தீர்கள் என்று கேட்பது, மொத்தம் 40. அதில் 16 பெரிதாக எதையும் சொல்லவில்லை. ஜிஏடி-7 போன இரண்டு வாரப் பதற்றத்தை அளப்பது, மொத்தமே 21. அதில் 16 என்றால் கடுமையான பதற்றம், மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு. இரண்டுமே நோயை உறுதி செய்பவை இல்லை. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 எடுத்திருந்தால் கூட்டுத்தொகையை விடுங்கள், ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். சாவு பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியும் கேட்பது அது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது போட்டிருந்தாலும் கீழே, சாவு பற்றிய கேள்வியைப் படியுங்கள்.

கவுன்சிலர்கிட்ட போனா பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சிடுமே? சர்டிஃபிகேட்ல வருமா?

மதிப்பெண் பட்டியலில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில இடங்களில் மட்டும் விலக்கு.

சட்டம் ஒரு பக்கம், ஹாஸ்டல் வராந்தா ஒரு பக்கம். காலேஜ் கவுன்சிலரே பாடமும் நடத்துபவராக இருந்தால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. வெளியே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போனில் பேச 14416 இருக்கிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழிலேயே பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

செத்துடலாம் போல இருக்குன்னு ரூம்மேட் சொல்றா. சும்மா சொல்றாளா, நிஜமா?

நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள். மாத்திரை, ஊசி மருந்து எதுவும் அவள் அலமாரியில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நர்சிங் ஹாஸ்டலில் இது மிக முக்கியம். "யாருக்கும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினாலும் வார்டனிடமோ நம்பும் டியூட்டரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். மேலே சொன்ன 14416 எப்போதும் கிடைக்கும். சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

ஏற்கனவே முயன்றுவிட்டாள் என்றால் போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். அந்த 2017 சட்டமே, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

நான் டியூட்டர். எனக்கே பயமா இருந்துச்சு. பிள்ளைங்களுக்கு என்னதான் செஞ்சிருக்க முடியும்?

தேதி தெரியாத பயம் பற்றி இரண்டாவது பதிலில் சொன்னேன். அதைக் குறைக்க, வாரம் ஒரு நாள், குறிப்பிட்ட நேரத்தில், குரூப்பில் ஒரு செய்தி போதும். "பரீட்சை பற்றிப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் தகவல் இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி சொல்கிறேன்" என்பதும் ஒரு தகவல்தான். அது இல்லாவிட்டால் அந்த இடத்தை வாட்ஸ்அப் வதந்தி பிடித்துக்கொள்ளும். போஸ்டிங்கில் முதலாண்டு மாணவியை மூத்த மாணவியோடு ஜோடியாகப் போடுங்கள். வார்டில் தினம் ஒரு முறை முகம் காட்டுங்கள், அலுவலகத்தில் இருந்தபடி அட்டெண்டன்ஸ் மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பயத்தைச் சக டியூட்டர்களிடம் பேசுங்கள். அதை மாணவர்களிடம் கொட்டக் கூடாது, இல்லாத மாதிரி நடிக்கவும் வேண்டாம்.

இந்தப் படிப்பே வேணாம்னு தோணுது. விட்டுடலாமா?

விடுவது குற்றம் இல்லை. ஆனால் ஐசியூ போஸ்டிங் ஓடும் வாரத்திலோ மேலே சொன்ன மரணம் மாதிரி ஒன்று நடந்த மாதத்திலோ முடிவெடுக்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த சில வாரங்களுக்குப் பிறகும் அதே எண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு ஆகாதது நர்சிங்கா, ஐசியூவா என்றும் யோசியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் வலி நிவாரணப் பராமரிப்பு தரும் நர்சுகள் இருக்கிறார்கள். சமுதாய நலம், பள்ளி நலம், கற்பித்தல் என்று மானிட்டர் சத்தமே இல்லாத வேலைகளும் இதே படிப்புக்கு உண்டு.

அப்படியும் விடுவதுதான் முடிவு என்றால், அசல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன, எவ்வளவு கட்டணம் பாக்கி, கல்விக் கடன் தவணை எப்போது தொடங்கும் என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகு கடிதம் கொடுங்கள்.